கழித்தது போக மீதி

சைன் ஒரு சுற்றுச் சார்பு. கோணம் 2பை ரேடியனைத் தாண்டியதும் பழையபடி முதலிலிருந்து தொடங்கும். ஏறியது இறங்கி, இறங்கியது ஏறி, −1க்கும் 1க்கும் நடுவிலேயே காலம் தள்ளும். ஆகவே கோணம் எவ்வளவு பெரிதானாலும் முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டு மிஞ்சியதன் சைனைப் பார்த்தால் போதும். பள்ளி மாணவர் 750 பாகையிலிருந்து 360ஐ இரண்டு முறை கழித்து 30 பாகை என்று எழுதி, விடை அரை என்று முடித்துவிடுவார். கணினியும் இதையேதான் செய்கிறது. ஆனால் பாகைக் கணக்கில் கழிக்க வேண்டிய 360 முழு எண்; ரேடியன் கணக்கில் கழிக்க வேண்டியதோ பையின் மடங்கு. எந்த இயந்திரத்திலும் முழுதாக எழுதிவைக்க முடியாத ஓர் எண்ணை, சில வேளை கோடி கோடி தடவை, பிசகாமல் கழித்தாக வேண்டும். பெரிய எண்களுக்குச் சைன், கொசைன், டான் கணிப்பதில் உள்ள தொல்லை முழுவதும் இந்த ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. மீதி கையில் வந்த பிறகு சைனைக் கணிப்பது சில்லறை வேலை.

இதற்குப் பெயர்போன சோதனை ஒன்று உண்டு: 10²² ரேடியனின் சைன் என்ன? ஒன்றுக்குப் பின் 22 பூஜ்யம். சரியான விடை −0.8522008497671888. 1990களின் தொடக்கத்தில் புழக்கத்திலிருந்த கணினிகளிலும் கால்குலேட்டர்களிலும் இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொன்னது. சில 0 என்றன. சில பிழைச் செய்தி காட்டின. சில, ‘எண் அல்ல’ என்ற குறியைத் திருப்பித் தந்தன. இன்னும் சில, கூட்டல் கழித்தல் குறி உட்பட எல்லாமே தவறான ஒரு தசம எண்ணைக் கொஞ்சமும் தயங்காமல் அச்சிட்டன. பிழைச் செய்தி காட்டியவற்றை நாணயமான இயந்திரங்கள் என்றே சொல்ல வேண்டும்.

சோதனைக்கு 10²² தேர்ந்தெடுக்கப்பட்டதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்று பெரும்பாலான மொழிகளில் தசம எண்ணுக்கு டபுள் என்ற 64 பிட் வடிவமே பயன்படுகிறது; 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரம் அதை வரையறுத்தது. எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட், அடுக்குக்கு 11 பிட், குறிக்கு ஒன்று. இலக்கங்களின் முதல் பிட் எப்போதும் 1 என்பதால் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள், அதனால் கணக்கு 64க்குள் அடங்கிவிடுகிறது. பத்தின் அடுக்குகளில் இந்த வடிவத்துக்குள் துளியும் மாறாமல் அப்படியே உட்காரக்கூடிய கடைசி எண் 10²². அடுத்த 10²³ முழுதாக்கப்பட்டுத்தான் உள்ளே போகும். ஆகவே 10²²இன் சைனைத் தவறாகச் சொல்லும் இயந்திரம், கேள்வியே உருமாறி வந்தது என்று சாக்குச் சொல்ல முடியாது.

டபுளின் இன்னொரு குணத்தையும் கவனிக்க வேண்டும். 1க்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கிடையே உள்ள இடைவெளி 2.2×10⁻¹⁶. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் அகன்றுகொண்டே போகிறது. 2⁵³ஐத் தாண்டினால், அதாவது சுமார் 9×10¹⁵க்கு மேல், ஒற்றைப்படை எண்களே கிடையாது. 10²²க்குப் பக்கத்தில் இடைவெளி 20,97,152. ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் வட்டத்தை 3,33,772 முறை சுற்றியாகிவிடுகிறது. அந்த இடத்தில் சைனை வரைந்தால் வளைகோடு தெரியாது, சிதறிய புள்ளிகள்தான் தெரியும். இந்த விஷயத்தில் உள்ள வாதப் பிரதிவாதங்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான். அதற்குப் பிறகு வரலாம்.

மீதி காண எவருக்கும் முதலில் தோன்றும் வழி, 2பையை டபுளில் எழுதிக்கொண்டு அதனால் வகுப்பது. வகுக்கும் கட்டளையில் குறை ஒன்றுமில்லை. சி மொழியில் எஃப்மாட் தரும் மீதி கடைசி பிட் வரை சரியானது. அதில் முழுதாக்கும் பிழை கொஞ்சமும் கிடையாது. கோளாறு வகுத்தியில் இருக்கிறது. டபுளில் உள்ள பை, உண்மையான பையைவிட 1.2246×10⁻¹⁶ குறைவு, 2பையில் குறை அதைப்போல் இருமடங்கு. ஒரு சுற்றில் இது கண்ணுக்கே படாது. பத்து லட்சம் ரேடியனிலோ ஏறக்குறைய 1,59,155 சுற்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே குறை, அதே திசையில். கூட்டினால் 3.9×10⁻¹¹. பதினாறு இலக்கம் தேற வேண்டிய இடத்தில் பத்துதான் தேறும். 10¹⁶ ரேடியனில் பிழை 0.39 ஆகிவிடுகிறது, அதாவது 22 பாகைக்கும் மேல். 10²²இல் பிழை மட்டுமே ஏறத்தாழ 3,90,000 ரேடியன், 62,000 சுற்று. தப்பான வட்டத்தை மிகச் சரியாகச் சுற்றிவந்த கதை.

இந்தக் குறையைப் பெரிய எண் இல்லாமலே பார்க்கலாம். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ பையின் சைனைக் கேட்டால் 0 வராது, 1.2246467991473532×10⁻¹⁶ என்று வரும். புதிதாக நிரல் எழுதப் பழகுபவர்கள் இதைக் கணினியின் பிழை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது மெச்சத்தக்க அளவுக்குச் சரியான விடை. கேட்கப்பட்டது பையின் சைன் கிடையாது, பைக்கு மிக அருகில் இருக்கும் 3.141592653589793115997963 என்ற டபுளின் சைன். அந்த எண் பைக்கு எவ்வளவு குறைவோ அதுதான் அதன் சைன். இரண்டையும் கூட்டினால் 3.141592653589793238462643: பையின் அடுத்த எட்டொன்பது இலக்கங்கள் தாமாக வந்து சேர்கின்றன. பதினாறு இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத ஒரு வடிவத்திலிருந்து பையின் இருபத்தைந்து இலக்கங்கள் கிடைப்பது, சைனை எழுதியவர் பையை அதைவிட ஆழமாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதற்குச் சான்று.

ஆழமாகத் தெரிந்துவைத்திருந்தால் மட்டும் போதாது, அதைக் குறுகிய இடத்தில் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். 355 ரேடியனை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பைக்கு 355/113 என்ற பின்னம் மிக நெருக்கம். ஐந்தாம் நூற்றாண்டிலேயே சீனக் கணிதர் சூ சொங்ச்சிக்கு அது தெரிந்திருந்தது. ஆகவே 355 ரேடியன் என்பது 113 அரைச்சுற்றைவிட மயிரிழை அதிகம். எட்டு இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் ஒரு கால்குலேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பை 3.1415927. 113ஆல் பெருக்கினால் 354.9999751, எட்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் 354.99998. 355இலிருந்து கழிக்க, மீதி 0.00002. உண்மையான மீதி 0.0000301443. மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

அதே எட்டு இலக்கக் கால்குலேட்டரில் பையை ஒரே எண்ணாக வைக்காமல் 3.14, 0.00159, 0.0000026535898 என்று மூன்று துண்டாக வைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. முதல் துண்டு: 113 × 3.14 = 354.82, ஐந்தே இலக்கம், ஒன்றும் வெட்டுப்படவில்லை. 355இல் கழிக்க 0.18. இரண்டாம் துண்டு: 113 × 0.00159 = 0.17967; கழிக்க 0.00033. இதுவரை ஒரு பிழையும் நுழையவில்லை. மூன்றாம் துண்டு: 113 × 0.0000026535898, எட்டு இலக்கத்துக்கு 0.00029985565, கழிக்க 0.00003014435. எல்லா இலக்கமும் சரி. முதல் இரண்டு துண்டுகளையும் வேண்டுமென்றே குட்டையாக வைத்ததில்தான் தந்திரம் இருக்கிறது. பெருக்கினால் வரும் விடை இருக்கும் இடத்துக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. வில்லியம் கோடியும் வில்லியம் வெய்ட்டும் 1980இல் வெளியிட்ட கையேடு இந்த முறையைப் பரவலாக்கியது. அவர்கள் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. வேகமானது, சிறியது, நடைமுறையில் வரும் கோணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது. சுற்றுகளின் எண்ணிக்கையே நீளமாகிவிட்டால் மட்டும் குட்டைத் துண்டோடு பெருக்கினாலும் விடை இடத்துக்குள் அடங்காமல் முறை உடைந்துபோகிறது.

சுற்றைக் கழித்து மீதியைக் காப்பாற்றும் கலை கணினிக்கு வெகு காலம் முந்தியது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் இடத்தைக் காண்பதும் இதே கணக்குதான். கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நாள்கள் இன்று 18 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்த எண்ணிலிருந்து குறித்த ஒரு தொகையை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை 12,372ஆல் வகுத்து, அதன் மீதியை 3,031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுத்தால் கடைசியில் நிற்பது 248க்கு உட்பட்ட ஒரு சின்ன எண். மனப்பாடமாக இருக்கும் 248 வாக்கியங்களில் எது என்று அது சொல்லிவிடும். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அப்படி வர ஆகும் காலம் சுமார் 27.55455 நாள். அதைப்போல் 9 மடங்கு 248க்குச் சற்றுக் குறைவு, 110 மடங்கு கிட்டத்தட்ட 3,031, 449 மடங்கு கிட்டத்தட்ட 12,372. பைக்கு 22/7உம் 355/113உம் எப்படியோ, அந்தக் காலத்துக்கு 248/9உம் 3031/110உம் அப்படி. கழிக்கப்படும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் சந்திரன் நகர்ந்த தொகை துருவம் என்ற பெயரில் தனியே கூட்டப்படுவதால் எதுவும் வீணாவதில்லை. 1825இல் சென்னையில் ‘காலசங்கலித’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் வைத்துக்கொண்டு, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, அந்த ஆண்டின் மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. எழுதாமலே போட்ட கணக்குக்கு அது மோசமில்லை.

கோடி–வெய்ட் முறை கைவிடும் இடத்திலிருந்து தொடங்குகிறது, 1983இல் மேரி பேனும் ராபர்ட் ஹானெக்கும் வெளியிட்ட முறை. இருவரும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய யோசனையைப் பத்தடிமானத்தில், அதே 10²²ஐ வைத்துப் பார்த்துவிடலாம். 2பையால் வகுப்பதும் 1/2பையால் பெருக்குவதும் ஒன்றே. 1/2பை இப்படித் தொடங்குகிறது: 0.1591549430918953357688837633725143620344… இதை 10²²ஆல் பெருக்கினால் புள்ளி 22 இடம் வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான். புள்ளிக்கு இடப்பக்கம் போய்விட்ட 22 இலக்கங்களும் எத்தனை முழுச் சுற்று என்பதைச் சொல்கின்றன. அது யாருக்கும் வேண்டாம். வலப்பக்கம் நிற்பது 0.837633725143620344… ஒரு சுற்றில் இத்தனை பங்கு. 360ஆல் பெருக்கினால் 301.548 பாகை, நான்காம் கால்வட்டம், சைன் −0.8522. ஆளுக்கொரு விடை சொன்ன அத்தனை இயந்திரங்களுக்கும் முன்னால், 1/2பையின் இலக்கங்கள் அச்சிட்ட ஒரு தாளும் பென்சிலும் வைத்திருந்தவர் ஜெயித்திருப்பார்.

இதில் வியப்பானது எண் பெரிதாவதன் விளைவு. பெரிய எண்ணுக்குப் பெரிய கணக்கு வேண்டும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். இங்கே கணக்கின் அளவு மாறுவதே இல்லை. இலக்கங்களின் நீண்ட வரிசையில் எந்த இடத்தில் ஜன்னலைத் திறப்பது என்பது மட்டுமே மாறுகிறது. 10²²க்கு முதல் 22 இலக்கங்கள் பயனற்றவை; அவற்றைப் பெருக்காமலே தாண்டிவிடலாம். டபுளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணான 1.8×10³⁰⁸க்கு ஏறக்குறைய 300 இலக்கம் தாண்டிப் போய் ஜன்னலைத் திறக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்யும் 3.14159 அங்கே எதற்கும் உதவாது. நிரலில் இதே வேலை இரும இலக்கங்களில் நடக்கிறது. 1/2பைக்குப் பதில் 2/பை வைத்துக்கொள்வார்கள். அப்போது விடையின் முழு எண் பகுதியில் கடைசி இரண்டு பிட் மட்டும் எந்தக் கால்வட்டம் என்பதைச் சொல்லும், மற்ற முழு எண் பிட்டெல்லாம் குப்பை.

ஜன்னல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதில் ஒரு கண்ணி உண்டு. 355இன் கதை பெரிய அளவில் திரும்ப வரலாம்: ஏதோ ஒரு பெரிய எண், தற்செயலாக, கால்வட்டத்தின் மடங்குக்கு மிக மிக அருகில் விழுந்துவிட்டால், மீதியின் முன்னால் பூஜ்யங்கள் வரிசையாக வந்து நிற்கும், உருப்படியான இலக்கங்களுக்கு இன்னும் ஆழம் போக வேண்டும். எவ்வளவு ஆழம்? டபுள்கள் மொத்தம் 2⁶⁴க்கு மேல் இல்லையென்றாலும் ஒவ்வொன்றாகச் சோதிக்க இயலாது. ஆனால் அடுக்குகள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஒவ்வோர் அடுக்குக்கும் பையின் தொடர் பின்னத்தைப் பிரித்துப் பார்த்தால் எந்த எண் மிக அருகில் போகும் என்று சொல்லிவிடலாம். ஐஇஇஇ 754 தரத்தின் முதன்மைச் சிற்பியான வில்லியம் காஹன் 1983இல் இதற்கான நிரலை எழுதினார். மிக மோசமான எண் 6381956970095103 × 2⁷⁹⁷, சுமார் 5.3×10²⁵⁵. அது கால்வட்டத்தின் ஒற்றைப்படை மடங்கு ஒன்றிலிருந்து 4.69×10⁻¹⁹ ரேடியன் தூரத்தில் இருக்கிறது. அதன் கொசைனும் அவ்வளவுதான். இந்த ஓர் எண் தெரிந்த பிறகு ஊகத்துக்கு வேலையில்லை. வழக்கமான பிட்களுக்கு மேல் அறுபத்தொரு பிட் கூடுதலாக வைத்துக்கொண்டால் எந்த டபுளும் ஏமாற்ற முடியாது. பிரபஞ்சத்தில் எதையும் அளக்கப் பயன்படாத ஓர் எண், ஒரு நிரலின் அளவைத் தீர்மானிக்கிறது.

1993இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இலவசமாக வெளியிட்ட எஃப்டிலிப்எம் என்ற கணித நூலகத்தில் இத்தனையும் ஒன்றுசேர்ந்தன. ‘கடைசி பிட் வரை சரி’ என்று பொருள்படும் தலைப்பில் இப்படி மீதி காண்பதைப் பற்றி 1992இல் கட்டுரை எழுதிய கே. சி. இங் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அதற்குள் 66 முழு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொன்றும் 24 பிட். சேர்த்தால் 2/பையின் 1,584 பிட், தசமத்தில் 476 இலக்கம். எண் சுமார் 8,23,000 ரேடியனுக்குள் இருந்தால் கோடி–வெய்ட் வழி; மேலே போனால் அட்டவணை. ஃப்ரீபிஎஸ்டி, மசல், ஜாவா, குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் என்று அதன் வாரிசுகள் எங்கும் பரவிவிட்டன. கைப்பேசியில் ஒரு வலைப்பக்கம் சைனைக் கேட்கும்போது அந்த 66 எண்கள் பெரும்பாலும் எங்கோ அருகில்தான் இருக்கும்.

வன்பொருள் அவ்வளவு கவனமாக இல்லை. இன்டெல் 1987இல் கொண்டுவந்த 80387 துணைச் செயலியில் சைனுக்கென்றே எஃப்சைன் என்ற கட்டளை வந்தது. அது உள்ளே வைத்திருக்கும் பை 66 பிட் நீளம். 2⁶³ அல்லது அதற்கு மேல் கொடுத்தால் கணக்கே போடாமல் ஒரு கொடியை உயர்த்திவிட்டு, கொடுத்த எண்ணை அப்படியே விட்டுவிடும். கொடியைப் பார்க்க மறந்த நிரல் 10²²இன் சைன் 10²² என்றே நம்பிக்கொள்ளும். பெரிய எண் போகட்டும், பைக்குப் பக்கத்திலேயே அது தடுமாறியது. முன்பு சொன்ன டபுள் பையின் சைனுக்கு அது தரும் விடை 1.2246063538×10⁻¹⁶, சரியானது 1.2246467991×10⁻¹⁶. ஐந்து இலக்கத்தோடு ஒற்றுமை முடிந்தது. 66 பிட் பையிலிருந்து 53 பிட் பையைக் கழித்தால் அதற்கு மேல் எதுவும் மிஞ்சாது என்பது விரல்விட்டு எண்ணும் கணக்கு. ஆனாலும் இன்டெலின் கையேடு பல ஆண்டுகள், பிழை கடைசி இடத்தின் ஓர் அலகுக்குள் என்றே எழுதிவந்தது. 2014இல் நிரலாளர் புரூஸ் டாசன் இதை விரிவாக எழுதிய பிறகு கையேடு திருத்தப்பட்டது. கட்டளை திருத்தப்படவில்லை, பழைய நிரல்கள் பழைய விடைகளையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என்பது நியாயமான காரணமும்கூட. நெடுநாள் புழங்கிய பிழை ஒரு கட்டத்தில் தரமாகிவிடுகிறது.

ஜாவா இந்த இடத்தில் பிடிவாதம் காட்டியது. சி மொழியின் தரம், சைன் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை. எழுதுபவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது. ஜாவாவின் விவரக்குறிப்போ எந்த டபுளைக் கொடுத்தாலும் பிழை கடைசி இடத்தின் ஓர் அலகுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதனால் இன்டெல் இயந்திரங்களில் எஃப்சைனை அப்படியே பயன்படுத்த வழியில்லாமல் போயிற்று. கால் பைக்குள் அடங்கும் கோணத்துக்குக் கட்டளை, அதற்கு மேல் மென்பொருள் என்று பிரித்துக்கொண்டார்கள். சைன், கொசைன் வேகப் போட்டிகளில் ஜாவா பின்தங்கியது. அதன் தந்தையான ஜேம்ஸ் காஸ்லிங் 2005இல் இதற்குப் பதில் எழுதினார்: மற்றவர்கள் வேகமாகத் தருவது தவறான விடை. வேகத்தை அளக்கும் சோதனைகள் பெரும்பாலும் விடையைப் பார்ப்பதில்லை என்பதை நினைத்தால் அவருடைய எரிச்சல் புரிகிறது.

எதிர்வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 10²²க்குப் பக்கத்தில் இடைவெளி இருபது லட்சத்துக்கும் மேல். அந்த எண் ஏதோ அளவையிலிருந்தோ கணக்கிலிருந்தோ வந்திருந்தால் அதன் கடைசி பிட்டிலேயே லட்சக்கணக்கான சுற்றுகள் சந்தேகத்தில் இருக்கின்றன. −1க்கும் 1க்கும் நடுவில் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். பதினாறு இலக்கத்துக்குச் சரியாகச் சொல்வது வீண் பெருமை. இயற்பியல் படித்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் நிற்பார்கள். ஆனால் நூலகம் எழுதுபவருக்கு எண் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு குறிப்பிட்ட டபுள். அதற்கு ஒரே ஒரு சைன்தான் உண்டு. அதைச் சரியாகத் தந்துவிட்டால் சைனின் வர்க்கமும் கொசைனின் வர்க்கமும் கூடி 1 வரும், இருமடங்குக் கோணச் சூத்திரம் பொய்க்காது, ஒரே நிரல் இரண்டு இயந்திரங்களில் இரண்டு விதமாக நடக்காது. சந்தேகம் எண்ணைக் கொண்டுவந்தவருடையது. அதோடு நூலகம் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்ப்பது முறையாகாது. பெரிய எண் அபூர்வமாகவே வருவதால் இதற்கான செலவும் அபூர்வமாகவே ஏற்படுகிறது. வழக்கு அந்தப் பக்கமே தீர்ந்ததாகக் கொள்ளலாம்.

நூலகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நிரலாளர் கையில் நடக்கும் இழப்பை அது மீட்டுத் தராது. 440 ஹெர்ட்ஸ் ஒலியை உண்டாக்கும் நிரல், ஒவ்வொரு கணத்துக்கும் 2பை × 440 × நேரம் என்று கோணம் கண்டு, அதை 32 பிட் வடிவத்தில் வைத்துக்கொண்டு சைன் எடுப்பதாகக் கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓடியதும் கோணம் ஏறக்குறைய 99,52,600 ரேடியன். 32 பிட் வடிவத்தில் அந்த இடத்தில் இடைவெளி ஒரு முழு ரேடியன், 57 பாகை. சைன் சார்பு எவ்வளவு உத்தமமாக இருந்தாலும் ஒலி கரகரக்கும். நேரத்தை மட்டும் விநாடியில் வைத்துக்கொண்டாலும் ஒன்றரை நாளில் இடைவெளி விநாடியில் 64இல் ஒரு பங்காகிவிடும். திரையில் அசையும் பொருள் குலுங்கத் தொடங்கும். அனுபவப்பட்டவர்கள் நேரத்தை வளரவிட மாட்டார்கள். கட்டத்தைச் சுற்றின் பின்னமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சிறு தொகையைக் கூட்டி, 1ஐத் தாண்டும்போதெல்லாம் 1ஐக் கழித்துவிடுவார்கள். பஞ்சாங்கக்காரர் செய்ததுதான்.

வரைகலைச் செயலிகளில் எதிர்பார்ப்பையே குறைத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கான வல்கன் தரம், கோணம் −பைக்கும் பைக்கும் இடையே இருந்தால் சைனின் பிழை 2⁻¹¹க்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு வெளியே வாக்குறுதி ஏதும் இல்லை. புள்ளியின் ஆயங்களை 12.9898, 78.233 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டி, சைன் எடுத்து, 43758.5453ஆல் பெருக்கிப் பின்னப் பகுதியை மட்டும் எடுத்தால் தற்செயல் போன்ற எண் கிடைக்கும் என்ற ஒரு வரி, நிழலாக்க நிரல்களில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சைனின் பிழையை நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்க்கும் வரி அது. ஒரே படம் ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு மாதிரிப் புள்ளி தெளிப்பதற்கு அது ஒன்றே போதும்.

பல இடங்களில் ரேடியனே தேவையில்லாமல்தான் உள்ளே நுழைகிறது. நிரலாளர் ஒரு பின்னத்தைப் பையால் பெருக்கி அனுப்புகிறார். நூலகம் பாடுபட்டு அதைப் பையால் வகுக்கிறது. இருவரும் சேர்ந்து செய்யும் வீண் வேலை. ஐஇஇஇ 754 தரத்தின் 2008 பதிப்பு, அரைச்சுற்றை 1 என்று கொள்ளும் சைன்பை, கொஸ்பை ஆகிய சார்புகளைப் பரிந்துரைத்தது. சி மொழியின் சி23 தரத்தில் அவை அதன் நூலகத்துக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றில் கழிக்க வேண்டியது 2 என்ற முழு எண். மீதியில் பிழை நுழைய வழியே இல்லை, 66 எண் அட்டவணையும் வேண்டாம். 2⁵³க்கு மேற்பட்ட டபுள்கள் எல்லாமே இரட்டைப்படை என்பதால் அங்கே சைன்பை எப்போதும் 0, கொஸ்பை எப்போதும் 1. 10²²க்கும் அதே விடைதான்.